மன்றச் செயலாளர் மலையம்மாள்

கரட்டுப்புதூர் தெற்குத் தெருவில் நான்கு குடிநீர்க் குழாய்கள் இருந்தன. ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இருந்தன. ஒன்றிய அலுவலகக் கோப்பில் இருந்தன. பின்னாளில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்திலும் இருந்தன. தெருவில் மட்டும் இல்லை.

கோம்பைக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. தண்ணீர் இல்லை என்று குறை சொல்ல முடியாத பகுதி. தென்னைக்கும் வாழைக்கும் திராட்சைக்கும் போதுமான அளவு கிடைக்கிறது. மனிதர்களுக்கு ஒரே ஒரு பொதுக் குழாய், மேலத் தெரு மந்தைப் பொட்டலில். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நிற்கும். மேலத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகு, சாதியின் பெயரால் ஊரின் தென்கோடியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் வந்து பிடித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத சட்டங்களைத்தான் இந்த நாடு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

தெற்குத் தெருப் பெண்களில் பெரும்பாலோர் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துக்குப் போகும் ஜீப் ஆறு மணிக்கு வரும். குழாயடியில் அவர்களுடைய முறை வரும்போது ஜீப் பாதி மலை ஏறியிருக்கும். ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் தண்ணீர் கிடையாது. மாலை திரும்பி வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு, முக்கால் மைல் தள்ளி உள்ள ஒரு தென்னந்தோப்புக்குப் போக வேண்டும். மின்சாரம் இருந்து, தோப்புக்காரருக்கு மனமும் இருந்தால் மோட்டார் ஓடும். பிச்சையம்மாள் இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் தண்ணீர் சுமந்தார். அவருடைய மகள்தான் மலையம்மாள்.

2002இல் மலையம்மாள் தேனியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். தெற்குத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். வரலாறு எடுத்ததற்குத் தனிக் காரணம் இல்லை. விண்ணப்பித்த அன்று அதில்தான் இடம் காலியாக இருந்தது.

முதல் வாரத்தில் புதிய மாணவர்களை அரங்கில் உட்கார வைத்து, மாணவர் மன்றங்களில் சேர்வதால் உண்டாகும் நன்மைகள் குறித்து முதல்வர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நன்மைகள் ஒன்பது. அவற்றை உருட்டச்சில் அடித்து ஆளுக்கு ஒரு தாளும் கொடுத்தார்கள். கூச்சம் போகும், தலைமைப் பண்பு வளரும், நட்பு வட்டம் விரியும், வேலைக்கான நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும் என்று எட்டு வரை படிக்க முடிந்தது. ஒன்பதாவது சரியாக அச்சாகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெரின், "ஏ பிள்ள, ஒம்பதாவது என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல. மை விழுகல."

"அப்ப அதுதேன் முக்கியமானதா இருக்கும்."

வகுப்பில் முதலில் பேச்சுக் கொடுத்தவள் என்பதால் ஷெரின் மலையம்மாளின் தோழியானாள். நட்பு வட்டம் மன்றத்தில் சேருவதற்கு முன்பே விரிந்துவிட்டது.

வரலாற்று மன்றத்தின் மேல் மலையம்மாளுக்கு ஆசை வந்தது ஓர் அறையினால். கரட்டுப்புதூரிலிருந்து தேனிக்கு வகுப்பு நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து ஒன்றுதான். அது ஏழரை மணிக்கே தேனியில் இறக்கிவிட்டுவிடும். வகுப்பு பத்து மணிக்கு. இடையில் உள்ள இரண்டரை மணி நேரத்தையும் அவர் பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் கழித்தார். தனியாக ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், எந்த ஊருக்குப் போகணும் என்று கேட்பதைச் சமூக சேவையாகக் கருதும் ஆண்கள் தேனியில் ஏராளம். வரலாற்று மன்றத்துக்கு மாடியில் ஓர் அறை இருந்தது. ஒரு மின்விசிறி, ஒரு பீரோ, ஒரு மேசை, நான்கு நாற்காலிகள். சாவி மன்றச் செயலாளரிடம் இருக்கும். செயலாளராக இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நிற்கலாம்.

2003 ஜூலையில் மன்றத் தேர்தல் அறிவித்தார்கள். மன்றப் பொறுப்பாசிரியர் ஜேசுராஜ், வேட்புமனுக்களை வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி முதல் பன்னிரண்டு மணி வரை வாங்குவதாகப் பலகையில் எழுதிப்போட்டார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அவருக்கு அது தெரியாது. அவர் வீட்டில் தொங்கியது பங்குக் கோயில் காலண்டர். அதில் புனிதர்களின் திருநாட்கள் இருந்தன, ராகு இல்லை. இதனால் அவரைப் பகுத்தறிவாளர் என்று எண்ணிவிடக் கூடாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முட்டை போட்ட பிஸ்கட்டைக்கூட அவர் தொடமாட்டார்.

போட்டியிட நினைத்தவர்கள் நான்கு பேர். வெற்றி பெறுவார் என்று எல்லோரும் சொன்னது அய்யாத்துரையை. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் உள்ள வீட்டுப் பையன். சுவரொட்டிகூட எழுதி வைத்திருந்தான். முந்தைய சனிக்கிழமை அவன் அம்மா அவனைக் குச்சனூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சனீஸ்வரனிடம் ஒப்புதலும் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அவனும் இன்னும் இரண்டு வேட்பாளர்களும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள். உள்ளே போகவில்லை.

பத்தேமுக்காலுக்கு மலையம்மாள் அவர்களைத் தாண்டிப் போனார்.

"ஏ பிள்ள, இப்ப என்ன நேரம்னு தெரியுமா?" என்றான் அய்யாத்துரை.

"பத்தேமுக்கா."

"ராகு காலம். இப்பப் போயிக் குடுத்தா வெளங்குமா?"

"எங்களுக்கு எல்லா நேரமும் ஒண்ணுதேன்" என்று சொல்லிவிட்டு மலையம்மாள் உள்ளே போய் மனுவைக் கொடுத்தார்.

ராகு என்று ஒரு கோள் வானத்தில் இல்லை. இல்லாத கோளுக்கு நாள் தவறாமல் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு சமூகம், இல்லாத குழாயை ஐந்து ஆண்டுகள் ஆவணத்தில் வைத்திருந்ததில் வியப்பில்லை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஜேசுராஜ் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு மூடினார். ஊரில் கடிகாரங்கள் முன்பின் இருக்கும் என்பதால் மூவரும் பத்திரமாக மேலும் மூன்று நிமிடம் பொறுத்து உள்ளே வந்தார்கள்.

"மணி பன்னெண்டு ஆயிருச்சேப்பா" என்றார் ஜேசுராஜ்.

"ஆனப்பொறவுதேன சார் வர முடியும்?"

"ஆனப்பொறவு வாங்க முடியாதுப்பா. எனக்குக் கிளாஸ் இருக்கு."

மலையம்மாள் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து படித்தார்.

செயலாளரின் வேலை மாதம் ஒரு கூட்டம் நடத்தி, அதன் நடவடிக்கைகளை மினிட் புத்தகத்தில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது. பொறுப்பாசிரியரின் வேலை அதன் கீழே கையெழுத்துப் போடுவது. ஜேசுராஜ் அதைப் பெரும்பாலும் படிக்கட்டில் நின்றபடியே செய்தார். கூட்டங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வைகை அணைக்குக் கல்விச் சுற்றுலா போவது என்று ஆண்டுதோறும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும். அணை அப்படியே இருந்தது, யாரும் போகவில்லை.

அக்டோபரில் நடந்த கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள். மலையம்மாள் அவற்றை எழுதிவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஏழு வரி இடம் விட்டு, அதன் கீழ் கையெழுத்துகளை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மறுவாரம் அய்யாத்துரை வந்து, உறுப்பினர் என்ற முறையில் மினிட் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றான். மலையம்மாள் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தபோது புத்தகம் மேசையில் இருந்தது. ஏழு வரி இடத்தில் ஐந்தாவதாக ஒரு தீர்மானமும் இருந்தது. செயலாளர் பொறுப்பிலிருந்து மலையம்மாளை விடுவித்து அய்யாத்துரையை நியமிப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. மை அதே நீலம். கீழே முப்பத்தொரு பேரின் கையெழுத்து. அவற்றில் ஒன்று மலையம்மாளுடையது.

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜேசுராஜிடம் போனார்.

"இது ஒன் கையெழுத்துதான?" என்று கேட்டார் ஜேசுராஜ்.

"ஆமா சார்."

"அப்ப நான் என்ன பண்றது? நீயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்த மாதிரில்ல இருக்கு."

"நான் போடும்போது இந்த வரி இல்ல சார்."

"அது புத்தகத்துக்குத் தெரியாதேம்மா."

ஜேசுராஜ் கெட்டவர் இல்லை. தொந்தரவு பிடிக்காதவர். இந்த நாட்டில் அநியாயங்கள் பெரும்பாலும் கெட்டவர்களால் தொடங்கப்பட்டு, தொந்தரவு பிடிக்காதவர்களால் காப்பாற்றப்படுகின்றன. மலையம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துப் பெஞ்சுக்குத் திரும்பினார். பதினோரு நாள் அங்கே உட்கார்ந்தார். சாவியைக் கொடுக்கும் முன் பீரோவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தார். மன்றத்தின் விதிமுறைகள், எட்டுப் பக்கம், யாரோ என்றோ தட்டச்சு செய்து வைத்தது. அதற்கு முன் அதை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை; பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அதை அவர் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை படித்தார். கூட்டத்துக்கு இத்தனை பேராவது வந்திருந்தால்தான் அது செல்லும், அதற்குப் பெயர் கோரம். கோரம் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதி ஒத்திவைக்க வேண்டும். முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களை வாசித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தவறாகப் பதிவாகியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே திருத்தலாம். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் இடையில் காலியிடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டு அடைக்க வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் ஏழு நாளில் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும்.

ஷெரின் விடுதி முழுக்கச் சுற்றிக் கையெழுத்து வாங்கினாள். சிறப்புக் கூட்டத்தில் மலையம்மாள் தன்னைத் தவிர்த்த முப்பது பேரையும் பெயர் சொல்லி அழைத்து, ஐந்தாம் தீர்மானத்தைக் கூட்டத்தில் கேட்டீர்களா என்று ஒரே கேள்வியைக் கேட்டார். இல்லை என்று இருபத்தேழு பேர் சொன்னார்கள். இருவர் அன்றைய கூட்டத்தில் தூங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அய்யாத்துரை தனக்கு ஞாபகம் இல்லை என்றான். ஐந்தாம் தீர்மானம் ரத்தானது. அய்யாத்துரைக்குத் தண்டனை எதுவும் இல்லை. சிறு மனத்தாங்கல் சுமுகமாகத் தீர்ந்தது என்று ஜேசுராஜ் தம் கைப்பட எழுதினார்.

அதற்குப் பிறகு அய்யாத்துரை ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தான். விதிமுறைகளை அவனும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டான். கோரத்துக்கு ஓர் ஆள் குறைந்தால் எழுந்து நிற்பான். அறிவிப்பு ஏழு நாளுக்குப் பதில் ஆறு நாளில் வந்திருந்தால் எழுந்து நிற்பான். அவனால் இரண்டு கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அந்தக் கல்லூரியில் மலையம்மாளுக்கு யாராவது உருப்படியாகப் பாடம் நடத்தினார்கள் என்றால் அது அவன்தான். அவனுக்கு அந்த எண்ணம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது, சம்பளம் வாங்கியவர்களுக்கும் இல்லை.

2005இல் பட்டம் வாங்கினார். வரலாற்று மன்றச் செயலாளராகப் பணியாற்றியதற்கு வழவழப்பான அட்டையில் ஒரு சான்றிதழும் கிடைத்தது. மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குக் கொண்டுபோனார். யாரும் கேட்கவில்லை. மதுரையில் ஒரு துணிக்கடையில், பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். கொஞ்ச நாள் அம்மாவோடு ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போனார். பிறகு கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, பிரதி எடுப்பது.

ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர் தன் தெருவுக்கு எழுதாமல் இருக்க முடியாது. 2007 நவம்பரில், தெற்குத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று எழுதி, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தார். இரண்டரை மாதத்தில் பதில் வந்தது. மேற்படி தெருவில் நான்கு குழாய்கள் அமைக்கப்பட்டு, குடிநீர் தடையின்றி வழங்கப்பட்டு வருவதாகவும், பயனாளிகள் மனநிறைவு தெரிவித்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியிருப்பதாகவும், ஆகவே தங்கள் மனு முடித்துவைக்கப்படுவதாகவும் அதில் இருந்தது.

கடிதத்தைத் தெருவில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் ஒரு முறை தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நம் கையெழுத்தை எவனோ கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறான் என்று பேச்சு எழுந்தது. மலையம்மாள் அதில் சேரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் நகல் கேட்டு ஊராட்சிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். ஊராட்சி எழுத்தர் செல்வமணி நேரில் வந்துவிட்டார்.

"ஏ பிள்ள, எதுக்கு இந்தத் தபாலு கிபாலெல்லாம்? வாயிவிட்டுக் கேட்டா நானே குடுக்க மாட்டனா?"

"குடுங்க சார்."

"புத்தகம் ஒன்றியத்துல இருக்கு."

"அப்பத் தபாலுக்கே பதில் போட்ருங்க சார். முப்பது நாள் டயம் இருக்கு."

இருபத்தொன்பதாம் நாள் நகல் வந்தது. 2003 அக்டோபர் இரண்டாம் தேதிக் கிராம சபை, நான்காம் தீர்மானம். கீழே தெற்குத் தெருவிலிருந்து ஐம்பத்தெட்டுக் கையெழுத்துகள். ஒன்றும் கள்ளக் கையெழுத்து இல்லை. மூன்றாவது வரிசையில் பிச்சையம்மாள் என்று கோணல்மாணலாக, ஆனால் பிழையில்லாமல் எழுதியிருந்தது.

"ஆத்தா, இது நீ போட்டதா?"

பிச்சையம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். "நாந்தேன். செல்வமணி கொண்டாந்தாரு. பேனாகூட அவரே குடுத்தாரு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அப்ப ஒண்ணும் எழுதலயே. வெறுந்தாளுதேன். கூட்டம் நடந்துச்சுன்னு எழுதிக்கிருவாகளாம்."

"வெறுந்தாளுல எதுக்குப் போட்ட?"

"கையெழுத்துதேன கேட்டாக" என்றார் பிச்சையம்மாள். "நீட்டுன எடத்துல கைநாட்டு வைக்கிறவ இல்லடி இப்ப நானு. எழுதத் தெரியும்ல."

இதை விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் அந்தத் தெருவுக்கும் வந்தது. தோட்ட வேலை முடிந்து வந்த பெண்கள், தண்ணீர் சுமந்த பிறகு உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். பெயர் எழுதப் பழகியதும் இயக்கம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் எழுத்தர் மைப்பெட்டியோடு வந்து கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவார். இப்போது பேனாவை நீட்டினார். அறிமுகம் இல்லாத மரியாதை அது. அவர்கள் தலைநிமிர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் தண்ணீர் இல்லாத ஐம்பத்தெட்டுப் பேர், தாங்கள் பெற்ற கல்வியை முதன்முதலாகப் பயன்படுத்தியது தண்ணீர் இருப்பதாகச் சான்று கொடுப்பதற்கு. ஓராண்டில் நான்கு கிராம சபைகள். ஒன்றும் கூடியதில்லை. புத்தகம்தான் வீடு வீடாகப் போய்வந்தது.

மலையம்மாள் அம்மாவைத் திட்டவில்லை. தன்னுடைய பணிநீக்கத்தில் தானே கையெழுத்துப் போட்டவர் அவர். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். தவறான பதிவை அடுத்த கூட்டத்தில் திருத்த வேண்டும். அதற்கு முதலில் கூட்டம் என்று ஒன்று நடக்க வேண்டும்.

2008 ஆகஸ்ட் பதினைந்துக்கு இரண்டு நாள் முன்பு செல்வமணி புத்தகத்தோடு தெற்குத் தெருவுக்கு வந்தார். முதல் வீடு பிச்சையம்மாளுடையது.

"ஏ பிச்ச, ஒரு கையெழுத்தப் போடு."

செல்வமணி பிச்சையம்மாளைவிடப் பதினைந்து வயது இளையவர். பிச்சையம்மாள் எழுந்து நின்றபடியே சொன்னார்: "கூட்டத்துக்கு வாரோம் அய்யா. அங்கன வந்து போடுறோம்."

"கூட்டமா? எந்தக் கூட்டம்?"

"இந்தப் புத்தகத்துல எழுதப் போறீகளே, அந்தக் கூட்டந்தேன்."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அறுபத்து மூன்று பேரும் அதையே சொன்னார்கள். செல்வமணிக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஊர் அளவுக்குக் கிராம சபை செல்ல நூறு பேர் வேண்டும். மேலத் தெருவில் பாதிப் பேர் திருப்பூரில் இருந்தார்கள். நாற்பத்தொரு கையெழுத்துக்கு மேல் தேறவில்லை. அந்த முறை மேலத் தெருவுக்குச் சிமெண்ட் சாலை வேறு வர இருந்தது. பதினைந்தாம் தேதித் தீர்மானம் ஒன்றியத்துக்குப் போகாவிட்டால் சாலை பக்கத்து ஊராட்சிக்குப் போய்விடும். ஆக, மேலத் தெருவுக்குச் சாலை வேண்டுமானால் தெற்குத் தெரு வந்து உட்கார்ந்தாக வேண்டும். ஊர் வரலாற்றில் அப்படி ஒரு தேவை அதற்கு முன் ஏற்பட்டதில்லை.

கொடியேற்றியதும் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். நாற்காலிகள் இருபது. அவை யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெற்குத் தெருக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். மலையம்மாள் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து பின்வரிசைக்குப் போனார். அதில் பிச்சையம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

ஊராட்சித் தலைவர் சுந்தரலிங்கம் ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார். "எல்லாரும் வந்தாச்சு. ரோட்டுத் தீர்மானம் ஒண்ணுதேன். வரிசையா வந்து கையெழுத்தப் போட்டுட்டு முட்டாய் வாங்கிட்டுப் போங்க."

"முந்துன தீர்மானங்கள வாசிக்கணும்" என்றார் மலையம்மாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? நேரமாகுதுல்ல."

"ஒரு தீர்மானம் தப்பாப் பதிவாகியிருக்கு. அத வாசிச்சுத் திருத்தணும். இல்லாட்டி நாங்க அறுபத்திமூணு பேரும் கெளம்புறோம். கோரம் இல்லைன்னு எழுதி ஒத்தி வச்சிருங்க. எழுதும்போது நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்."

சுந்தரலிங்கம் செல்வமணியைப் பார்த்தார். செல்வமணி புத்தகத்தைப் பார்த்தார். மேலத் தெரு அம்மாவாசி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நியாயத்துக்காக அல்ல. அவர் வீட்டு முன்னால்தான் சாலை தொடங்குகிறது.

"ஏப்பா செல்வமணி, எங்க ரோடு என்னத்துக்கு ஆகுறது? அந்தப் பிள்ள கேக்குறத வாசிச்சுத் தொலைய வேண்டியதுதான?"

"எந்தத் தீர்மானம்?" என்று செல்வமணி தெரியாதவர்போல் கேட்டார்.

"ரெண்டாயிரத்து மூணு, அக்டோபர் ரெண்டு, நாலாம் தீர்மானம்."

ஐயர் மந்திரம் சொல்கிற வேகத்தில் செல்வமணி வாசித்தார். அப்படி வாசித்தால் யாருக்கும் புரியாது என்பது மந்திரத்தில் சரிவரும், தமிழில் வராது. தெற்குத் தெருவில் நான்கு குழாய்கள் அமைக்கப்பட்டு என்ற இடத்தில் அம்மாவாசி நிறுத்தினார்.

"அங்கன ஏதுப்பா கொழாயி?"

"வேலை நடந்துக்கிட்டு இருக்கு" என்றார் தலைவர்.

"அஞ்சு வருசமாவா?"

"அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா. அம்பத்தெட்டுப் பேரு. வேணும்னா பாரு."

பிச்சையம்மாள் நாற்காலியில் இருந்து எழுந்தார். எழுந்த பிறகு நின்று பேசுவதா உட்கார்ந்து பேசுவதா என்று கொஞ்சம் தடுமாறினார். பிறகு உட்கார்ந்துகொண்டே பேசினார்.

"அய்யா, நானும் போட்டிருக்கேன். படிக்காமப் போட்டேன். வெறுந்தாளுல எங்கள ஏன் போடச் சொன்னீகன்னு நான் கேக்கல. இப்பப் படிச்சுட்டேன். கொழாயி இல்லைன்னு எழுதுங்க. அதுக்கும் போடுறேன்."

வேப்பமரத்தடியில் யாரோ சிரித்தார்கள். சாலைத் தீர்மானம் இரண்டாவதாக எழுதப்பட்டது. தெற்குத் தெருவில் குழாய் எதுவும் அமைக்கப்படவில்லை என்பதும், 2003ஆம் ஆண்டுத் தீர்மானம் தவறு என்பதும், குழாய்களை உடனே அமைக்க வேண்டும் என்பதும் முதலாவதாக எழுதப்பட்டன. கையெழுத்து வாங்கும் முன் மலையம்மாள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அங்கன என்ன பண்ற?" என்றார் செல்வமணி.

"கோடு போடுறேன் சார்."

"எதுக்கு?"

"நாலு வரி காலியா இருக்கு."

நூற்று நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தெற்குத் தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் போடுவதற்கு முன்னால் படித்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்ததால் மதியம் இரண்டு மணி ஆனது. அதற்குள் மிட்டாய் தீர்ந்துவிட்டது.

மேலத் தெருச் சாலை மூன்று மாதத்தில் வந்தது. தெற்குத் தெருக் குழாய்க்குப் பதினாறு மாதம் ஆனது. இடையில் மலையம்மாள் ஐந்து கிராம சபைகளில் அதே முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தைய தீர்மானம் என்ன ஆனது என்று கேட்டார். இப்போது மேலத் தெருவில் அவருக்குப் பெயர் கோரம். பழைய நான்கு குழாய்களுக்கான இரும்பு எங்கே போனது என்ற கேள்விக்கு ஒன்றியத்திலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. தலைவர் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் தண்ணீர் வசதி மட்டும் நன்றாக இருந்தது. யார் மீதும் நடவடிக்கை இல்லை.

2009 டிசம்பரில் தெற்குத் தெருவில் இரண்டு குழாய்கள் நட்டார்கள். தீர்மானத்தில் நான்கு. மீதி இரண்டுக்காக மலையம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. இரண்டாம் நாள் தெளிந்தது. குழாய் தன் வீட்டுக்கு முன்னால் இல்லை என்று நான்கு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ஜீப் வந்து நின்றது. பிச்சையம்மாள் ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு ஓடி வந்தார். ஓட்டுநர் இருதயம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னத்தா, வெள்ளனவே தலைக்கு ஊத்தியிருக்க. வீட்டுல எதும் விசேசமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தண்ணி வந்துச்சு."

"சரி, ஏறு. நேரமாச்சு."